செடூனாவில் ஓர் இரவு

(நமது டிரஸ்ட்டின் மாதாந்திரக் குடும்ப ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று கல்வி உதவிக் கணக்கை வாசிக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தந்த வேலை. அந்தக் கணக்கு உங்கள் கையிலுள்ள தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் நிதானமாகப் பாருங்கள், தவறு இருந்தால் திட்டுங்கள். ஆஸ்திரேலியா போய் வந்தீர்களே, என்ன பார்த்தீர்கள் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதில் ஒரே ஓர் இரவைப் பற்றி மட்டும் சொல்கிறோம். திட்டம் போட்டுப் போன இடங்களுக்கெல்லாம் படம் இருக்கிறது. திட்டம் போடாமல் தங்கிய அந்த ஊரில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. இருந்தும் அதைத்தான் சொல்லியாக வேண்டும். காரணம் பிற்பாடு வரும். நிர்வாகிகளாகிய எங்களுக்கு அது கொஞ்சம் கசப்பான காரணம்.

எங்கள் மகன் அடிலெய்டில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் போனது ஜூலையில். நமக்கு ஆனி, ஆடி; அவர்களுக்கு நடுக்குளிர்காலம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. மகன் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்திருந்தார். கேரவன் என்றதும் உங்களுக்கு சினிமா நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே கேரவன் என்றால் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் சிறு வீடு. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. பெரிய பணக்காரர்களின் விஷயமில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் இப்படியே ஊர் ஊராகச் சுற்றுவது அந்த நாட்டில் சாதாரணம்.

எங்கள் பயணம் மேற்கே. அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா, அங்கிருந்து ஐர் நெடுஞ்சாலை, நல்லர்பார் சமவெளி. நல்லர்பார் என்றால் லத்தீன் மொழியில் மரமே இல்லாதது என்று பொருள். பெயருக்கு ஏற்ற இடம்தான். அந்தச் சமவெளி கடலில் முடியும் ஓரிடத்தில், ஹெட் ஆஃப் பைட் என்று பெயர், குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் தென்துருவப் பக்கமிருந்து குட்டி போட வருகின்றன. பாறை மேல் நின்று கீழே பார்த்தால் தாயும் குட்டியும் மிதக்கின்றன. சுப்ஹானல்லாஹ் என்பதற்கு மேல் அங்கே பேச்சு வரவில்லை. அதற்குத்தான் படம் நிறைய இருக்கிறது, விட்டுவிடுவோம்.

திரும்பும்போது நடந்ததுதான் கதை. அன்று ஒரு வியாழக்கிழமை. கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் வந்தால் செடூனா என்கிற கடற்கரை ஊர். அதைத் தாண்டி இன்னும் 110 கிலோமீட்டரில் ஸ்ட்ரீக்கி பே. அங்கே இடம் பதிவு செய்து பணமும் கட்டியிருந்தோம். செடூனாவில் பெட்ரோல் போட்டு, பத்து நிமிடம் நின்று புறப்படுவதாக ஏற்பாடு.

அந்த ஊருக்குள் நுழையும்போதே ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. கஞ்சா தேடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். தேடுவது தக்காளியை! பழ ஈ என்கிற பூச்சி மேற்கிலிருந்து தங்கள் தோட்டங்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பச்சைப் பழங்களையும் பல காய்களையும் வாங்கித் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் ஒரு கிலோ தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார்கள். அத்தனையும் போயிற்று. காலையிலேயே சமைத்திருந்தால் பிழைத்திருக்குமே என்று அவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்க, அந்த அதிகாரி கேரவனைச் சுற்றி வந்தவர் திடீரென்று குனிந்தார். இடது சக்கரத்தின் நடுவில் கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சட்டென்று எடுத்துக்கொண்டார். மெல்லிய புகை. கருகிய கிரீஸ் வாசனை. எங்களுக்கு அது தெரியவே இல்லை. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு கிராஅத் கேட்டுக்கொண்டு வந்தோம்.

சக்கரத்துக்குள் இருக்கிற பேரிங் போய்விட்டது. மெக்கானிக் வேலை தெரிந்த தம்பிகள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: கிரீஸ் காய்ந்தாலோ, உள்ளே தண்ணீர் போனாலோ, நட்டை அளவுக்கு மேல் இறுக்கினாலோ பேரிங் சூடேறும், உடையும், கடைசியில் ஓடுகிற வேகத்தில் சக்கரமே கழன்றுவிடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது கேரவன்காரர்களின் பழக்கமாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தக்காளிக்காக நிறுத்தியிராவிட்டால் அடுத்த நூறு கிலோமீட்டரில் என்ன ஆகியிருக்கும் என்பதை அல்லாஹ்தான் அறிவான். பின்னால் உட்கார்ந்திருந்தது இரண்டு பேரப்பிள்ளைகள்.

அந்த அதிகாரியே ஒரு பட்டறைக்குப் போன் செய்தார். ஊர்ந்து ஊர்ந்து அங்கே போனபோது பட்டறைக்காரர் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். பார்த்தார். இன்று முடியாது, காலை எட்டு மணிக்கு வாருங்கள், அதுவரை இந்த வண்டியைச் சாலையில் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு வண்டி பிடித்துப் போகலாம் என்றால் போவதற்கும் வழியில்லை. அந்தப் பகுதியில் பொழுது சாய்ந்தால் கங்காருகள் சாலைக்கு வந்துவிடும். அதில் மோதினால் காரின் முன்பக்கம் நொறுங்கும். எங்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே இருட்டிய பின் ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது என்று இருந்தது. ஆறு மணிக்கு முன்பே மக்ரிப். கடலிலிருந்து காற்று கத்தியாக வீசுகிறது. எங்கள் சின்னப் பேரனுக்கு, நான்கு வயது, வீசிங் உண்டு. அவன் நெஞ்சில் அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

பட்டறையிலிருந்து எட்டும் தூரத்தில் ஒரு கேரவன் பார்க் இருந்தது. கேரவன்களை நிறுத்தித் தங்குகிற மைதானம் அது. ஒவ்வோர் இடத்துக்கும் மின்சாரம், தண்ணீர், பொதுவில் குளியலறைகள். வாசலில் இடமில்லை என்று பலகை. அலுவலகம் பூட்டு. மகன், “அத்தா, வண்டிக்குள்ளேயே எங்காவது ஓரமாக இருந்துவிடலாம்” என்றார். மருமகள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நெபுலைசர் கருவி இருக்கிறது, அதைப் போட மின்சாரம் வேண்டும். குளிருக்கு ஹீட்டர் வேண்டும். ஊரில் சிறிய மருத்துவமனை உண்டு, முடியாவிட்டால் அங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று முடிவு.

அப்போதுதான் அலுவலகக் கண்ணாடியைச் சரியாகப் பார்த்தோம். உள்பக்கமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. நேரம் கழித்து வருகிறவர்கள் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும் என்று எழுதி, ஒரு போன் நம்பர். பக்கத்தில் ஒரு விளக்கு, அந்தத் தாள் இருட்டிலும் தெரிவதற்காகவே போட்டது. அதன் கீழே சிறு பெட்டி. ஏற்கெனவே சொல்லிவிட்டுத் தாமதமாக வருகிறவர்களுக்காக, பெயர் எழுதிய உறைகளில் குளியலறைச் சாவிகள்.

கூப்பிட்டோம். ஐந்து நிமிடத்தில் ஓர் அம்மா வந்தார்கள். வீட்டுச் செருப்பு, மேலே ஒரு கோட்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தது பார்த்தாலே தெரிந்தது. கதையை முழுதாகச் சொல்லவும் விடவில்லை. மின்சாரம் உள்ள இடம் ஒன்றுகூட மிச்சமில்லை, துணி துவைக்கும் அறைக்குப் பின்னால் புல்தரை இருக்கிறது, காற்று படாது, அங்கே போடுங்கள் என்றார்கள். பாதிக் கட்டணம் வாங்கினார்கள். சாவி தந்தார்கள். போகும்போது, இரவு பிள்ளைக்கு முடியாமல் போனால் இதே நம்பருக்குக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுகிறேன் என்றார்கள்.

கேரவனை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த இடத்திலிருந்து ஒரு முதியவர் எழுந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர். மனைவியோடு மாதக்கணக்கில் சுற்றுகிறவர். பிள்ளை இருமுவதைக் கேட்டார் போலிருக்கிறது. கையில் சுருட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயர். தம் கேரவனின் வெளிப்பக்கப் பிளக்கில் ஒரு முனையைச் செருகி மறு முனையை எங்களிடம் கொடுத்தார். ஹீட்டர் போடுங்கள் என்றார், அவ்வளவுதான். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன மதம், ஏன் தாடி என்று எதுவும் கேட்கவில்லை. நெபுலைசர் ஓடியது. அரைமணி நேரத்தில் பிள்ளையின் மூச்சு அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

குளியலறையில் வெந்நீர் வந்தது. ஒளுச் செய்துவிட்டு அந்தப் புல்தரையிலேயே மக்ரிப் தொழுதோம். எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. நாங்கள் ஹனஃபி, மருமகள் கீழக்கரை, ஷாஃபி. அவர் மக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுது முடித்துக் கம்பளிக்குள் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் மறுபடி அந்தக் குளிரில் இஷாவுக்கு இறங்க வேண்டியிருந்தது. தொழுதுகொண்டிருக்கும்போது துணிக்கூடையோடு ஒரு பெண் வந்தவர், குறுக்கே போகாமல் ஸலாம் கொடுக்கும் வரை ஓரமாக நின்றார். யார் அவருக்குச் சொல்லித் தந்தார்கள்?

தக்காளி இல்லை, மிளகாய் இல்லை. எங்கள் வீட்டில் அவர்கள் பட்டை கிராம்பு போட்டு வெறும் குஸ்கா செய்தார்கள். ஒரு கிண்ணம் பக்கத்துக் கேரவனுக்கும் போயிற்று.

பஜ்ருக்கு எழுந்து வெளியே வந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அந்த முதியவரும் அவர் மனைவியும் எங்களுக்கு முன்பே எழுந்து, இருக்கிற கம்பளி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு, தலையில் குல்லாயோடு கேஸ் அடுப்பில் கையைக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் ஹீட்டர் என்ன ஆயிற்று என்று மகன் கேட்டார். இரண்டு ஹீட்டர் போட்டால் லைன் தாங்காது, பிரேக்கர் விழுந்துவிடும், அதனால் எங்களுடையதை நிறுத்திவிட்டோம் என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார்கள். இரவு எங்களிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் ஒயரைத் திருப்பித் தந்திருப்போம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை வைத்து அந்த நாட்டையே தலையில் தூக்கி வைக்கவில்லை. பட்டறைக்காரர் காலையில் வந்து, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புது பேரிங், ஆயில் சீல், கிரீஸ் எல்லாம் போட்டு ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார். காசில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை, குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழைய சரித்திரமும் இருக்கிறது. கேரவன் என்ற சொல்லே பாரசீகத்து கார்வான்தான். அந்த நாட்டின் உள்பாலைவனத்தில் முதலில் கார்வான் நடத்தியவர்கள் நம் ஆட்கள். 1866இல் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களும் அவற்றை நடத்துகிற ஆட்களும் போர்ட் அகஸ்டாவில் வந்து இறங்கினார்கள். ஆப்கானியர் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் பலூச்சிகள், சிந்திகள், பஞ்சாபிகள், பெஷாவர்க்காரர்கள் எல்லாரும் அதில் உண்டு. கம்பளி, தந்திக் கம்பி, தண்ணீர், மாவு என்று சுமந்தார்கள். அடிலெய்டில் அவர்கள் காலத்தில், 1880களின் கடைசியில் எழுந்த பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அங்கே ஜும்ஆத் தொழுதோம். ஆனால் மரீ என்ற ஊரில் ரயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பழங்குடியினரும் என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். ஆகவே எல்லோரும் எப்போதும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த ஊரில் இரவில் வருகிறவனுக்கென்று ஒரு தாளும் ஒரு விளக்கும் ஒரு நம்பரும் இருந்தன. அதைத்தான் சொல்ல வருகிறோம். செடூனா என்ற பெயர் அந்த மண்ணின் பழங்குடி மொழியிலிருந்து வந்தது, உட்கார்ந்து இளைப்பாறும் இடம் என்று அர்த்தம் என அங்குள்ளவர்கள் சொன்னார்கள்.

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறோம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நம் டிரஸ்ட் கட்டடம் இருக்கிறதல்லவா? அதில் கீழே வலப்பக்கத்து இரண்டு அறைகள், ஒரு கழிப்பறை. அந்த இடத்தை எழுதிக்கொடுத்த அம்மா, தங்கள் பெயர்கூடப் போட வேண்டாம் என்று சொன்னவர்கள், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: அந்த இரண்டு அறையும் முஸாபிர்கள் தங்குவதற்கு. பத்திரத்தில் இருக்கிறது. சுவரில் கல்வெட்டும் இருக்கிறது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன்னால் ஒரு கடையின் சரக்குப் பெட்டிகள் உத்தரம் வரை அடுக்கியிருக்கின்றன. மாதம் 3,500 ரூபாய்க்குக் குடோனாக விட்டவர்கள் நாங்கள்தான். இப்போதெல்லாம் யார் தங்குகிறார்கள், லாட்ஜ் இருக்கிறது, அறை வீணாகக் கிடக்கிறது என்று தீர்மானம் போட்டு, கையெழுத்தும் போட்டோம்.

சென்ற ஐப்பசி மழையில் ஒரு குடும்பம், மதுரையில் தாயாருக்கு அறுவைச் சிகிச்சை முடித்து ஊருக்குத் திரும்பியவர்கள், வேன் நின்றுபோய் இரவு பத்தரை மணிக்கு நம் வாசலில் வந்து தட்டினார்கள். வெளியே இன்னும் முஸாபிர்கானா என்ற பழைய எழுத்து லேசாகத் தெரிகிறது, அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். காவலாளி, காலை பத்து மணிக்கு ஆபீஸ் திறக்கும் என்று சொல்லியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, நாங்கள் சொல்லி வைத்தது அதுதான். லாட்ஜில் இடமில்லை. வயிற்றில் தையலோடு அந்தத் தாய் பஜ்ர் வரை வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் காவலாளி சொன்னபோது நாங்கள் ஐயோ பாவம் என்றோம். பிறகு மைக் செட் ரிப்பேருக்குப் போய்விட்டோம். நிகழ்ச்சிக் குறிப்பில் அந்தச் செய்தி ஏறவே இல்லை.

செடூனாவில் அந்தத் தாளைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது அந்த வேன்தான். மகனிடம்கூட அப்போது சொல்லவில்லை.

மதரஸாவில் ஓதும்போது ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரை விரல்விட்டுச் சொல்லுவோம். தவ்பா சூராவின் அறுபதாவது வசனம். அதில் எட்டாவது வழிப்போக்கர். ஊரில் சொந்த வீடு வாசல் இருந்தாலும் வழியில் கைமுடங்கிப் போனவருக்கு அதில் பங்கு உண்டு. செடூனாவில் எங்கள் பையில் கார்டு இருந்தது, ரூபாய் இருந்தது. இருந்தும் ஓர் ஒயருக்கு முன்னால் நாங்கள் ஏழைகளாகத்தான் நின்றோம். வக்ஃப் செய்தவர் வைத்த நிபந்தனையை நிர்வாகி தம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது என்பதும் ஓதிய பாடம்தான். ஹஜ்ரத் அவர்களிடம் மறுபடி போய்க் கேட்டோம். இதைக் கேட்க இத்தனை வருடமா என்று மட்டும் சொன்னார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. அந்த 3,500 ரூபாய் கல்வி உதவிக்குப் போகிறது. வருடத்துக்கு 42,000. இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் அதில்தான் கட்டுகிறோம். பிரயாணிக்குக் கொடுக்க மாணவனிடமிருந்து பிடுங்குவதா? கூடாது. ஆனால் பிரயாணியின் அறையை எடுத்து மாணவனுக்குக் கொடுத்ததும் நம்முடைய தர்மம் இல்லை, அந்த அம்மாவின் சொத்து. அந்தப் பணத்தை நாம் கொடுப்போம். மாதம் 300 ரூபாய் தருகிற பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தால் 3,600 வந்துவிடுகிறது. நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் எழுதியாயிற்று.

கடைக்காரரிடம் பேசிவிட்டோம். நல்ல மனிதர். கோபப்படவில்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளையடிக்க வேண்டும். நான்கு கட்டில், கொசுவலை, ஒரு கெட்டில். பெண்கள் தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள், கழிப்பறைக்குப் போகும் நடையில் விளக்கு. பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வேண்டும், இதை எலக்ட்ரீஷியன் தம்பி மறந்துவிடக் கூடாது. எந்த மதத்துக் குடும்பம் வந்தாலும் தங்கலாம். பத்திரத்தில் முஸாபிர் என்றுதான் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. தனியாக வருகிற ஆண்களுக்கு அடையாள அட்டை பார்ப்பது, எத்தனை நாள் தங்கலாம் என்பதையெல்லாம் பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்வோம்.

பணமும் கட்டிலும் சுலபம். கஷ்டமானது ஒன்றுதான்: சாவி. இஷாவுக்குப் பிறகு போனை அணைக்காமல் வைத்திருந்து, ஒரு மணிக்குக் கூப்பிட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிற ஆள் வேண்டும். காவலாளிக்கு அறுபத்தெட்டு வயது, அவர் தலையில் கட்ட முடியாது. ஒருவருக்கு மாதத்தில் பத்து இரவு என்றால் மூன்று பேர் போதும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் இருப்பவர்களாக இருந்தால் நல்லது. தாய்மார்கள் வீட்டில் கலந்து பேசிப் பெயர் கொடுங்கள். நடுராத்திரியில் வருகிற விருந்தாளியால் தூக்கம் கெடப்போவது உங்களுக்கும்தான்.

வாசலில் மேஜை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். 300 ரூபாய்க்கு ஒரு பக்கம், சாவிக்கு ஒரு பக்கம். கதவில் ஒட்ட வேண்டிய தாளும் எழுதியாயிற்று. முதல் பத்து இரவுக்கு எங்கள் வீட்டு நம்பரைப் போட்டிருக்கிறோம். மீதி இருபது இரவுக்கு இடம் காலியாக இருக்கிறது.

வஸ்ஸலாம்.